வயிற்றுவலியைப் பத்து வருடம் பத்திரமாகப் பாதுகாப்பது எப்படி?

எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயைச் சீக்கிரமே கண்டுபிடித்துத் தொலைக்கிற குடும்பங்கள் இப்போது ஆங்காங்கே தலைதூக்க ஆரம்பித்திருக்கின்றன. பெண் "வலிக்குது" என்றதுமே டாக்டரிடம் கூட்டிப்போகிறார்களாம். டாக்டரும் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறாராம். இப்படியே போனால் நம் பாரம்பரியம் என்னாவது? பல நாடுகளில் கணக்கெடுத்துப் பார்த்ததில், முதல் வலிக்கும் நோயின் பெயர் தெரிவதற்கும் நடுவே 4 முதல் 12 வருடம் வரை ஆகிறது. 15 வயதில் தொடங்கிய ஒன்றை 25, 27 வயது வரை பெயர் தெரியாமல் வைத்துக் காப்பாற்றுவது ஒருத்தரால் ஆகிற காரியமா? அம்மா, பாட்டி, பி.டி. டீச்சர், மெடிக்கல் ஷாப்காரர், ஸ்கேன் சென்டர், மாமியார், கணவர், இரண்டு மூன்று டாக்டர்கள் என்று ஊரே கூடித்தான் இந்தத் தேரை இழுக்க வேண்டும்.

யாருக்கும் கெட்ட எண்ணம் தேவையில்லை. பாசம் போதும். அனுபவசாலிகளின் வீடுகளைப் பார்த்து எழுதிய வழிமுறை இது.

எதைக் கண்டுபிடிக்கக் கூடாது

முதலில் எதைக் கண்டுபிடிக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பப்பையின் உட்புறத்தில் மாதாமாதம் வளர்ந்து உதிர்கிற படலம் ஒன்று உண்டு. அதைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ கருக்குழாயிலோ வயிற்றின் உட்சவ்விலோ குடல் மேலோ மூத்திரப்பை மேலோ முளைத்துவிடுவதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அதுவும் ஹார்மோன் சொல்கிறபடி ஆடும், மாதாமாதம் கசியும். கர்ப்பப்பையில் கசிவதற்கு வெளியேற வழி இருக்கிறது, இதற்கு இல்லை. ரத்தம் தங்கும், அந்த இடம் புண்ணாகும், தழும்பாகும். நாள்பட்டால் நமத்துப்போன அப்பளக்கட்டு மாதிரி உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சினைப்பைக்குள் தேங்கிய பழைய ரத்தம் கெட்டியாகிக் கரும்பழுப்பு நிறத்துக்கு வரும். அதற்கு சாக்லேட் சிஸ்ட் என்று பெயர். வைத்தவர் ஆண் டாக்டராகத்தான் இருக்க வேண்டும்.

உலகத்தில் பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் பெண்ணின் வகுப்பில் 40 பெண்கள் என்றால் நாலு பேர். ஏன் வருகிறது? நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி என்ற ஊரில் இருந்த ஜான் சாம்சன் என்ற டாக்டர் 1920-களில் ஒரு விளக்கம் சொன்னார்: மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் விழுந்து, அங்கேயே வேர்பிடிக்கிறது. ஆனால் அப்படிப் பின்னோக்கிப் போவது பத்தில் ஒன்பது பெண்களுக்கு நடக்கிறது. நோய் வருவதோ பத்தில் ஒருத்திக்கு. மற்ற ஒன்பது பேரை விட்டு இவளுக்கு மட்டும் ஏன் என்பதற்கு மரபணு, நோய் எதிர்ப்புச் சக்தி என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். விஞ்ஞானிகள் முடிக்காத இந்த ஆராய்ச்சியை நம் சொந்தக்காரர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள். பிராய்லர் கோழி, டைட் ஜீன்ஸ், ராத்திரி கண்முழித்து செல்போன் பார்ப்பது. எதிலும் சேராதவளுக்கு, செவ்வாய் தோஷம்.

ஃப்ளெக்ஸ் வைத்து ஆரம்பிக்கவும்

பெண் வயசுக்கு வந்ததும் மண்டபம் பிடியுங்கள். தாய்மாமன் சீர்வரிசைத் தட்டுகளோடும் பேண்டு வாத்தியத்தோடும் வரட்டும். முச்சந்தியில் பெரிய ஃப்ளெக்ஸாக ஒன்று வையுங்கள்: நடுவில் பட்டுப்பாவாடையில் பெண், சுற்றிலும் வட்ட வட்டமாகப் பெரியப்பா, மாமன், வார்டு கவுன்சிலர். அன்றைக்கு ஊருக்கே தெரிந்த அந்தச் சங்கதி அடுத்த மாதத்திலிருந்து பெற்ற அப்பாவுக்குக்கூடத் தெரியக் கூடாது. நாப்கின் பாக்கெட் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவருக்குள் போய், காய்கறிப் பையின் அடியில் வீட்டுக்கு வர வேண்டும். முதல் தடவைக்கு மைக் செட், அதற்கப்புறம் முப்பது வருடத்துக்கு வாயே திறக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே குடும்பத்தால் ஒரே முகத்தோடு செய்ய முடிகிறதே, அதுதான் அஸ்திவாரம். அது பலமாக விழுந்துவிட்டால் மேலே எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டலாம்.

ஒன்பதாம் வகுப்பில் அவள் மாதத்துக்கு இரண்டு நாள் லீவு போட ஆரம்பிப்பாள். தரையில் முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்திருப்பாள், வாந்தி எடுப்பாள், பாத்ரூமில் இருந்து வர அரை மணி நேரம் ஆகும். பதற வேண்டாம். சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக இருக்கிறது: "பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் இருக்கிறதுதான்." பாட்டி இருக்கிற வீடென்றால் கூடுதல் வசதி. "நானெல்லாம் இந்த வலியோட முட்டளவு சேத்துல நின்னு நாத்து நட்டிருக்கேன், ஒரு நாள் படுத்திருப்பேனா?" என்று கேட்பாள். பாவம், அவளைப் படுக்க யாரும் விட்டிருக்க மாட்டார்கள். அது பேச்சில் வராது.

கைவைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெந்தயம் ஊறவைத்த மோர், உளுந்தங்களி, வெந்நீர் ஒத்தடம் எல்லாமே நல்லவைதான், கொடுங்கள். ஒத்தடம் நிஜமாகவே இதமாக இருக்கும். கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் களிக்கிண்ணத்தை வைத்துவிடுகிறீர்களா என்பதுதான் விஷயம். வாயில் களி இருக்கும்போது பெண் பேச மாட்டாள்.

அம்மாவுடைய பங்குதான் இதில் உச்சம். "எனக்கும் உன் வயசுல இப்படித்தான்டி இருந்துச்சு. பெரியம்மாவுக்கும் இப்படித்தான். நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" எவ்வளவு ஆறுதலான வார்த்தை! மருத்துவப் புத்தகத்தைத் திறந்தால் இதே வார்த்தை அபாய அறிவிப்பு என்ற தலைப்பில் இருக்கும். அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் பெண்ணுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஒரே வீட்டில் மூன்று பெண்களுக்கு ஒரே மாதிரி வலிக்கிறது என்றால் அது சகஜம் என்று அர்த்தமில்லை, சந்தேகப்பட வேண்டும் என்று அர்த்தம். ஆனால் அம்மாவுக்கு யாரும் பெயர் சொல்லித் தரவில்லை. பெயர் தெரியாத சொத்து அப்படியே மகளுக்குப் பத்திரப்பதிவு இல்லாமல் வந்து சேர்கிறது.

வெளிநாடு போனால் இந்த முறை பலிக்காது என்று பயப்பட வேண்டாம். சென்னையில் 1970-ல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர் பத்மா லட்சுமி. மாடல், சமையல் நிகழ்ச்சித் தொகுப்பாளர், கையில் காசு, நியூயார்க்கில் வீடு. டீன் ஏஜில் தொடங்கிய வலிக்குப் பெயர் கிடைத்தபோது அவருக்கு வயது 36. தேரை அட்லாண்டிக் தாண்டியும் இழுத்திருக்கிறோம்! அவர்தான் நன்றி கெட்டவர். 2009-ல் தன் டாக்டரோடு சேர்ந்து இந்த நோய்க்கென்றே ஒரு அறக்கட்டளையை ஆரம்பித்து, பள்ளிப் பெண்களிடம் போய் இப்படிப்பட்ட வலி சகஜம் கிடையாது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மெடிக்கல் ஷாப் அண்ணன்

அவள் காலேஜ் போகிற வயதில் பொறுப்பு மெடிக்கல் ஷாப்புக்கு மாறும். தெருமுனைக் கடையில் போய் நின்று "அண்ணா, ஒரு..." என்று இழுத்தாலே போதும், அவர் மெஃப்டால் அட்டையை எடுத்து, நாலு மாத்திரையைக் கத்தரித்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார். சீட்டு தேவையில்லை. 2023 நவம்பர் கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம், மெஃப்டாலில் இருக்கிற மெஃபனமிக் ஆசிட் அரிதாகச் சிலருக்குத் தோலில் தடிப்பு, காய்ச்சல், உள்ளுறுப்புப் பாதிப்பு என்று கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரலாம், கவனித்துக்கொள்ளுங்கள் என்று எச்சரித்தது. இரண்டு நாள் டிவியில் ஓடியது, மூன்றாம் நாள் பழையபடி நாலு மாத்திரை. வலி மாத்திரை போடுவதில் தப்பில்லை. மாதாமாதம் நாலு என்பது எட்டாகி, எட்டுக்கும் அடங்காமல் போகிறதா என்று கணக்கு வைப்பதில்தான் ஆபத்து. மாத்திரைக்கு அடங்காத வலி என்பது டாக்டர்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டிய முதல் தடயம். அதனால் எண்ணாதீர்கள்.

வலி வயிற்றில் என்பதால் வயிற்று டாக்டர்களையும் கூட்டுச் சேர்க்கலாம். கேஸ் ட்ரபிள், அல்சர், யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று ஒரு சுற்று வரும். குடல்வாலை எடுத்துவிட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வலி அதே தேதியில் திரும்பி வரும். குடல்வாலுக்கு ஏது தேதி என்று யாரும் கேட்காமல் இருப்பதுதான் முக்கியம்.

ஸ்கேன் சென்டர்

ஒரு கட்டத்தில் ஸ்கேன் எடுக்கத்தான் வேண்டியிருக்கும். தைரியமாக எடுங்கள்.

காலை எட்டு மணிக்கே உட்காரவைத்துவிடுவார்கள். ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்து, "குடிச்சிக்கிட்டே இரும்மா, யூரின் முட்டினாச் சொல்லு" என்பார் கவுன்டர் அக்கா. "முட்டுதுக்கா." "இன்னும் நல்லா முட்டட்டும்." ஏற்கெனவே அடிவயிறு பிடித்து இழுக்கிறவளுக்கு இது உபரி. பிறகு, வரிசையில் இருக்கிற பதினைந்து பேருக்கும் கேட்கிற குரலில், "மேரீடா, அன்மேரீடா?" அன்மேரீட் என்றால் வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்ப்பதோடு சரி. இன்னும் துல்லியமாகக் காட்டும் உள்வழி ஸ்கேனைப் பற்றிப் பேச்சே எழாது, எம்.ஆர்.ஐ. என்று ஒன்று இருப்பதையும் யாரும் நினைவூட்ட மாட்டார்கள். மேலிருந்து பார்க்கும்போது பெரிய சாக்லேட் சிஸ்ட் இருந்தால் கண்ணில் படலாம். உட்சவ்வில் பொட்டுப் பொட்டாகப் படர்ந்திருப்பது நல்ல ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரியாது. ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரும்.

இந்தத் தாளை லேமினேட் செய்து பீரோவில் வையுங்கள். ஐந்து வருடம் தாங்கும். அவள் எப்போது வாய் திறந்தாலும், "ஸ்கேன்லயே ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சேம்மா" என்று எடுத்து நீட்டலாம்.

ஒருவேளை சிஸ்ட் தெரிந்துவிட்டாலும் நிலைமை கைமீறிவிடாது. 'நீர்க்கட்டி' என்று தமிழ்ப்படுத்திவிடுங்கள். தமிழ்நாட்டில் நீர்க்கட்டி இல்லாத தெரு கிடையாது. "என் நாத்தனார் பொண்ணுக்கும்தான் இருந்துச்சு, வாக்கிங் போனா, கரைஞ்சு போச்சு." நாத்தனார் பெண்ணுக்கு இருந்தது பி.சி.ஓ.டி.; மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிற வேறு சமாசாரம். இவளுக்கு உள்ளே இருப்பது பழைய ரத்தம், வாக்கிங்கில் கரையாது. இரண்டையும் ஒரே கஷாயத்தில் போடுவதால் குறைந்தது இரண்டு வருடம் கிடைக்கும்.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், வலி மட்டும் நார்மலாக மாட்டேன் என்கிறதா? மனசைக் காரணம் காட்டுங்கள். இதில் வெள்ளைக்காரர்களுக்கும் நல்ல பயிற்சி உண்டு. புக்கர் பரிசை 2009-லும் 2012-லும் வாங்கிய ஆங்கில எழுத்தாளர் ஹிலரி மான்டெல், கல்லூரிக் காலத்தில் வலி என்று டாக்டரிடம் போனார். மனநோய் என்று முடிவுகட்டி அதற்கான மாத்திரைகளைக் கொடுத்தார்கள். மாத்திரை கொடுத்த குழப்பத்தைப் பார்த்து, நோய் உறுதிதான் என்றார்கள். கடைசியில் ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானாவில் குடியிருந்தபோது ஒரு மருத்துவப் பாடப்புத்தகத்தைப் புரட்டி அவரே தன் நோயைக் கண்டுபிடித்தார். லண்டனில் ஆபரேஷன் நடந்தபோது வயது 27. கர்ப்பப்பை, சினைப்பை எல்லாம் போயிற்று. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்று யோசித்துப்பார்க்கக்கூட அவருக்கு அவகாசம் இல்லை. அத்தனையும் எடுத்தபிறகும் வலி திரும்ப வந்தது. கர்ப்பப்பைக்கு வெளியே இருக்கிற நோயைக் கர்ப்பப்பையை எடுத்துத் தீர்க்கப் பார்ப்பது, இன்றைக்கும் நம் ஊர்களில் தாராளமாகக் கிடைக்கிற யோசனை. "ரெண்டு பிள்ளை ஆயிடுச்சுல்ல, எடுத்துப் போட்டுடலாம்மா." சிலருக்கு, நோயையும் சேர்த்து எடுத்தால், அது சரியான சிகிச்சையாகவும் இருக்கும். யாருக்கு என்று பார்த்துச் சொல்ல நேரம் வேண்டுமே.

மாப்பிள்ளை என்னும் மருந்து

வயது 23, 24 ஆகியிருக்கும். இப்போது ஒரு டாக்டரே வாய்விட்டுச் சொல்வார்: "கல்யாணம் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிடும்." சீட்டில் எழுதித் தராத ஒரே மருந்து இதுதான். எத்தனை மில்லிகிராம், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, ஒன்றும் கிடையாது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு இதைவிட இனிப்பான வைத்தியம் வேறென்ன? உடனே ஜாதகத்தைத் தூசி தட்டலாம்.

இந்த மருந்துக்கு விஞ்ஞான ஆதாரம் என்னவென்றால், கர்ப்பமாக இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் மாதவிலக்கு நிற்கிறது. அதனால் சிலருக்குக் கொஞ்ச காலம் வலி அடங்குகிறது. பிறகு மாதவிலக்கு திரும்பும், வலியும் கூடவே திரும்பும். நோயைக் குணப்படுத்துவதற்காகப் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்லாதீர்கள் என்று ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022 வழிகாட்டியில் எழுதியே வைத்துவிட்டது. நமக்கெதற்கு ஐரோப்பா?

கல்யாணத்துக்குப் பிறகுதான் அவளுக்கே தெரியவரும் இன்னொரு வலி இருக்கிறது. தாம்பத்தியத்தின்போது ஆழத்தில் குத்துகிற வலி. இது இந்த நோயின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று. யாரிடம் சொல்வது என்றே தெரியாத அடையாளமும் இதுதான். அம்மாவிடம் சொன்னால் "போகப் போகச் சரியாயிடும்டி" என்று ஒரு வெட்கச் சிரிப்பு. கணவரிடம் சொன்னால், இவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம் வரும். இரண்டு பேரும் மெல்ல மெல்லத் தள்ளிப் படுப்பார்கள். அதே வீட்டின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பெரியவர்கள் ஏன் இன்னும் விசேஷம் இல்லை என்று கேட்பார்கள். இந்த ஏற்பாட்டின் கச்சிதத்தை என்னவென்று சொல்வது!

விசேஷம் ஏதாச்சும் உண்டா?

தாலி கட்டி மூன்றாம் மாதத்தில் இந்தக் கேள்வியைத் தொடங்கலாம். போனில் கேட்கும்போது "அப்புறம்..." என்று ஒரு இழுப்பு சேர்த்துக்கொள்ளவும். ஒரு வருடம் கடந்ததும் கேள்வியை நிறுத்திவிட்டுப் பார்வைக்கு மாறுங்கள். அது இன்னும் ஆழமாகப் பாயும்.

வளைகாப்பு வீடுகளைத் தவறவிடாதீர்கள். மனையில் நிறைமாதக்காரி உட்கார்ந்திருப்பாள். சொந்தத்தில் யாரோ ஒரு அத்தை இவள் கையைப் பிடித்து இழுத்து, "இவளையும் பக்கத்துல உட்கார வைங்க, அடுத்தது இவளுக்குத்தான்" என்பாள். கூடத்தில் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ரெண்டு பச்சை, ரெண்டு சிவப்புக் கண்ணாடி வளையல், கன்னத்தில் ஈரச் சந்தனம். வீடியோக்காரர் லைட்டை இவள் முகத்துக்குத் திருப்புவார். அன்றைக்குக் காலையில்தான் அவளுக்கு மாதவிலக்கு வந்திருக்கும், ரெண்டு மாத்திரை போட்டுவிட்டு வந்திருப்பாள். புளிசாதத்துப் பொட்டலத்தோடு வீடு திரும்பி வளையலைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசிப்பாள். அத்தை நல்ல மனுஷி, ஆசையோடுதான் செய்தாள். அதனால்தான் இதற்கு மறுப்பே சொல்ல முடியாது.

கவனித்தீர்களா, இந்த இடத்தில்தான் இத்தனை வருடம் நடக்காத ஒன்று நடக்கிறது. பத்து வருடமாக அவள் வலிக்கிறது என்றபோது அசையாத குடும்பம், குழந்தை இல்லை என்றதும் கார் வைத்து டாக்டரிடம் கிளம்புகிறது. வலித்தது அவளுக்கு மட்டும்தானே, வாரிசு எல்லோருக்கும் ஆயிற்றே. அவள் பதினான்கு வயதில் கேட்ட டாக்டர் இருபத்தேழில் கிடைக்கிறார், அதுவும் பிள்ளையின் பேரில்.

டாக்டரிடம் போகும்போது அவளை மட்டும் கூட்டிப்போங்கள். ரத்தப் பரிசோதனை, முட்டை வளர்கிறதா என்று ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன், குழாய் அடைப்பைப் பார்க்கிற டெஸ்ட் எல்லாம் அவளுக்கு நடக்கட்டும். குழந்தையின்மைக்குக் காரணம் ஆண் பக்கத்திலும் இருப்பது சர்வ சாதாரணம், அதற்கான விந்துப் பரிசோதனை ஊசிகூடக் குத்தாத, செலவு குறைந்த, ஒரே நாளில் முடிகிற டெஸ்ட் என்பதையெல்லாம் மாப்பிள்ளை காதில் போடாதீர்கள். "எங்க வம்சத்துல அந்தக் குறையெல்லாம் கிடையாது" என்று மாமியார் ஏற்கெனவே ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்.

பரிகாரங்களும் ஒரு பக்கம் நடக்கட்டும். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகைக்கு நெய் மெழுகி, பிரசாத நெய்யை வாங்கிவந்து சாப்பிடலாம். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடலாம். அம்மன் யாரையும் டாக்டரிடம் போகாதே என்று சொன்னதில்லை. சொல்வதெல்லாம் உடன் வருகிறவர்கள்தான்.

வலியா, பிள்ளையா

நோய்க்கும் குழந்தையின்மைக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்டால், பல வழி இருப்பதால் எதையும் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். தழும்பு இழுத்து, குழாயும் சினைப்பையும் இடம் மாறினால், வெளிவந்த முட்டையைக் குழாயால் பிடிக்க முடியாது. ஒட்டுதல் இல்லாவிட்டாலும் வயிற்றுக்குள் நிரந்தரமாக இருக்கிற அழற்சி முட்டையையும் விந்தணுவையும் பாதிக்கிறது. கரு பதிய வேண்டிய படலமும் ஹார்மோன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. குறையில்லாத தம்பதிக்கு ஒரு மாதத்தில் கரு நிற்கும் வாய்ப்பு 15 முதல் 20 சதவீதம். சிகிச்சை இல்லாத எண்டோமெட்ரியோசிஸில் அது 2 முதல் 10 என்று இறங்குகிறது. இந்த நோய் இருக்கிறவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் குழந்தைப்பேறு சிக்கலாகிறது. குழாய் டெஸ்ட்டில் 'ஓப்பன்' என்று வந்த பெண்ணுக்கும் இது இருக்கலாம். வலியே இல்லாமல், குழந்தைக்காகப் பரிசோதிக்கப் போன இடத்தில் தெரியவருகிறவர்களும் உண்டு. பொட்டுப்போல இருந்து உயிர்போக வலிக்கிறவர்களும் உண்டு. வலியின் அளவும் நோயின் அளவும் ஒன்றுக்கொன்று சொல்லிவைத்துக்கொண்டு வருவதில்லை.

அவள் காதில் விழவே கூடாத சேதி ஒன்று உண்டு. மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டால், பாதிப் பேருக்கோ அதற்கும் மேற்பட்டவர்களுக்கோ சிக்கல் இல்லை. பலருக்குத் தானாகவே கரு நிற்கிறது, இன்னும் பலருக்குச் சிகிச்சையோடு நிற்கிறது. 'மலடி' என்ற வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக் காத்திருக்கிற பக்கத்துவீட்டம்மாவுக்கு இது பெரிய ஏமாற்றம்.

சிகிச்சைக் கட்டத்தில் ஒரு நல்ல பொறி இருக்கிறது, தவறவிடாதீர்கள். வலியை அடக்குகிற ஹார்மோன் மாத்திரைகள், டயனோஜெஸ்ட், மாதம் ஒரு ஊசி எல்லாமே முட்டை வருவதைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன. அவற்றைப் போடுகிற வரை கரு நிற்காது; போட்டு நிறுத்தினால் தானாகக் கரு நிற்கும் வாய்ப்பு கூடுவதும் இல்லை. ஆக, வலி நிற்க வேண்டுமென்றால் பிள்ளை தள்ளிப்போகும். பிள்ளைக்கு முயற்சி செய்தால் வலியைத் தாங்க வேண்டும். குடும்ப மாநாட்டில் இதற்கு ஓட்டெடுப்பு நடத்துங்கள். முடிவு என்னவென்று உங்களுக்கே தெரியும். அவளுக்கு ஓட்டுரிமை உண்டா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆபரேஷனில் இரண்டு பக்கமும் தவறு செய்ய வாய்ப்புண்டு, அதனால் விருப்பம்போல் எதையும் தேர்ந்தெடுக்கலாம். ஒன்று, வேண்டியபோது பண்ணாமல் இருப்பது. ஆரம்பக் கட்ட நோய் இருந்த 341 பெண்களை வைத்துக் கனடாவில் நடத்திய ஆய்வு 1997-ல் வெளியானது. லேப்ராஸ்கோபியில், அதாவது சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு, நோயைக் கண்ணால் பார்த்து, அதே நேரம் அகற்றியவர்களில் 30.7 சதவீதம் பேருக்கு 36 வாரத்துக்குள் கரு நின்று 20 வாரம் தாண்டியது; பார்த்துவிட்டு மட்டும் மூடியவர்களில் 17.7. இன்னொன்று, வேண்டாதபோதும் பண்ணிக்கொண்டே இருப்பது. சாக்லேட் சிஸ்ட்டை உரித்தெடுக்கும்போது அதோடு ஒட்டிய நல்ல முட்டைகளும் சேர்ந்து போகின்றன. முட்டை இருப்பைக் காட்டுகிற ஏ.எம்.ஹெச். டெஸ்ட்டை ஆபரேஷனுக்கு முன்னால் பார்க்காமல், சிஸ்ட் திரும்பும்போதெல்லாம் திறந்தால், கட்டியும் இருக்காது, முட்டையும் இருக்காது. முன்கூட்டியே முட்டையை எடுத்து உறையவைத்துக்கொள்ளலாமே என்று அன்மேரீட் பெண் யாராவது கேட்டால், அவளைக் கவுன்டர் அக்காவிடம் திருப்பி அனுப்புங்கள்.

ஐ.வி.எஃப். வரைக்கும் போனால் செலவையும் மாதத் தவணையையும் சொல்லிக்காட்ட ஒரு ஆள் தேவைப்படும். வயது ஏற ஏற அதன் பலிதம் குறையும் என்பதையும் அந்த ஆளே சொல்லட்டும். "முன்னாடியே வந்திருக்கணும்மா" என்று டாக்டர் சொல்லும்போது, எல்லோரும் சேர்ந்து அவளைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும்.

வழிமுறை பிசகும் இடங்கள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில வீடுகளில் இது தோற்றுப்போகிறது. ஆஸ்திரேலியா 2018-லும் பிரான்ஸ் 2022-லும் இந்த நோய்க்காகத் தேசியத் திட்டமே போட்டுவிட்டன; அந்த நாடுகளில் சம்பந்தம் வைத்துக்கொள்வதைத் தவிர்க்கவும். உள்ளூரிலேயே தொந்தரவு வரலாம். ஹாஸ்டலில் கூடத் தங்கிய தோழி, "எனக்கும் இப்படித்தான்டி இருந்துச்சு" என்று நம் அம்மாக்கள் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லி, கூடவே ஒரு டாக்டர் பெயரையும் சொல்லிவிடுவாள். போனில் மாதவிலக்குத் தேதியைக் குறிக்கிற பெண்களும் ஆபத்தானவர்கள். எந்த நாளில் எவ்வளவு வலி, எத்தனை மாத்திரை என்று ஆறு மாதக் கணக்கைக் காட்டினால், லேமினேட் செய்த நார்மல் ரிப்போர்ட்டால் அதன் எதிரில் நிற்க முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடைஞ்சல் ஒருவிதமான டாக்டர். பெரும்பாலும் சின்ன வயதுக்காரி. ஸ்கேன் தாளைத் தள்ளிவைத்துவிட்டு, கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்க ஆரம்பிப்பாள். வலி மாதவிலக்குக்கு எத்தனை நாள் முன்னாலேயே ஆரம்பிக்கிறது? அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, யூரின் போகும்போது? முதுகிலும் தொடையிலும் இறங்குகிறதா? கணவரோடு இருக்கும்போது? எத்தனை நாள் வேலைக்குப் போக முடியவில்லை? அம்மாவுக்கு எப்படி? இந்தக் கேள்விகளுக்கு மெஷின் வேண்டாம், வெறும் பத்து நிமிடம் போதும். எண்டோமெட்ரியோசிஸ் என்று முடிவுக்கு வர எப்போதும் லேப்ராஸ்கோபி வரை காத்திருக்க வேண்டியதில்லை, கேட்டதையும் ஸ்கேனையும் வைத்தே சிகிச்சையை ஆரம்பிக்கலாம் என்று அந்த ஐரோப்பிய வழிகாட்டி சொன்னதை அவள் படித்திருப்பாள். உள்ளே போன பெண் அரை மணி நேரம் கழித்து, முகம் வீங்கி, கையில் ஒரு பெயரோடு வெளியே வருவாள்.

அப்படி நடந்துவிட்டால் இடிந்துபோக வேண்டாம். "சின்னப் பொண்ணு, அனுபவம் பத்தாது" என்று காரில் ஏறும்போதே சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்னொரு டாக்டர் இருக்கிறார். அரை மணி நேரத்தில் இருபது பேரைப் பார்ப்பார், ஃபீஸும் கம்மி.